எறும்பு தொடாத பானம்

ஏறி வந்தவுடன் டின்னைத் திறக்கமாட்டார். நாற்பத்தைந்து மீட்டர் கிரேன் ஏணியில் அவர் ஏறும்போது முதுகுப் பையில் அதுவும் குலுங்கிக் குலுங்கி ஏறியிருக்கிறது. ஈரத் துணியில் சுற்றிய இரண்டு டயட் சோடா டின்களையும் இருக்கைக்குப் பின்னால் நிழலில் வைப்பார். கண்ணாடியைத் துடைப்பார், லீவர்களை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார், காற்றின் வேகத்தைக் கவனிப்பார். அதற்கப்புறமும் இருபது நிமிடம் பொறுப்பார். ஒருநாள் பொறுக்காமல் திறந்துவிட்டார். நுரை பீய்ச்சியடித்து முன்கண்ணாடி முழுக்க வழிந்ததில், கீழே நின்றவர்கள் கிரேனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார்கள்.

அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கும் அந்த இடத்தில் அவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது நாற்பத்தெட்டு. டவர் கிரேன் ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. காலை ஏழு மணிக்கு மேலே போனால் மதியச் சாப்பாட்டுக்கு ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை, அவ்வளவுதான் தரையில் கால் படும். மேலே இருப்பது ஒரு கண்ணாடிக் கூடு. கையை நீட்டினால் சுவர், காலை நீட்டினால் கண்ணாடி. அதற்குள் ஒரு இருக்கை, உள்ளங்கை அகல மின்விசிறி, வாக்கி-டாக்கி. அவருக்கு அதுதான் சொர்க்கம். "அங்க வந்து யாரு என்னைக் கொறை சொல்லப் போறா? கொறை சொல்லணும்னாலும் அத்தனை படி ஏறி வரணும்ல?" என்பார்.

ஆனால் அந்தச் சொர்க்கத்தில் கழிப்பறை இல்லை. அதனால் எதைக் குடித்தாலும் அளவு பார்த்துத்தான் குடிப்பார். காலையில் ஒரு டின். வாய்வாயாக, ஒரு மணி நேரம் இழுப்பார். மூன்று மணிக்கு இன்னொன்று. மூன்று மணி டின்தான் முக்கியமானது. வெயில் கண்ணாடியில் ஏறி, இமை கனத்து, இரும்புக் கம்பிக் கட்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆரஞ்சு பானம் வைத்திருந்தார். வாயில் வைத்தால் தொண்டை வரை ஒட்டும் இனிப்பு. அதில் மட்டும் கழிப்பறைக் கவலையும் மறந்துபோகும்; மாலையில் இறங்கும்போது பாட்டில் காலியாக இருக்கும்.

போன வருடம் அந்தப் பாட்டிலுக்கு வேட்டு வந்தது. கிரேன் ஓட்டுபவர்களுக்கு வருடா வருடம் உடல் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு. கம்பெனி டாக்டர் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "ஆறு மாசம் டைம் தரேன். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நான் மேலே ஏற விடமாட்டேன்" என்றார். மேலே ஏற விடாவிட்டால் என்ன வேலை என்பது அவருக்குத் தெரியும். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற லாரிகளின் நம்பரை எழுத வேண்டும். முன்பு ஒருவர் அப்படி இறக்கப்பட்டார். லாரி வராத நேரமெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

தண்ணீர் குடித்துப் பார்த்தார். "தண்ணி தாகத்துக்குச் சரி. மூணு மணிக்கு வருதே ஒரு ஏக்கம், அதுக்கு அது பத்தல" என்றார். அப்போதுதான் கடைக் குளிர்பெட்டியில் இந்த வெள்ளி நிற டின் கண்ணில் பட்டது. இனிப்பு உண்டு, சர்க்கரை கிடையாது. அவருக்குக் கடவுளே நேரில் வந்து கொடுத்ததுபோல் இருந்தது. நான்கு மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனார். அதோடு கதை முடிந்திருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இருந்திருக்காது.

கீழே நின்று அவருக்குச் சைகை காட்டுபவரை விசில் என்பார்கள். வாக்கி-டாக்கி வருவதற்கு முன்னால் வாயில் விசிலோடு வேலை பார்த்தவர். விசில் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. கிரேன் ஓட்டுபவர் சைகைக்காரர் ஒருவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். முதலாளியே வந்து கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு: 'நிறுத்து' என்று மட்டும் யார் சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும். தெருவில் போகிறவர் சொன்னாலும் சரிதான். ஏன், எதற்கு என்று கேட்பதெல்லாம் நிறுத்தியதற்கு அப்புறம். மேல்வீட்டுக்காரர் இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுபோனவர். மனைவி கையைக் காட்டினால் பாதி வாக்கியத்தில் வாயை மூடிவிடுவார். அவர்கள் குடும்பம் இத்தனை வருடம் சத்தமில்லாமல் ஓடுவதே அதனால்தான் என்பது விசிலின் கட்சி.

அந்த மனைவிதான் ஒருநாள் நிறுத்து என்றாள்.

அவள் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். சமையல் மேடையில் ஒரு பக்கம் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, இன்னொரு பக்கம் டயட் சோடா ஒரு சொட்டு விட்டுவிட்டு, அவரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்தாள். கால் மணி நேரத்தில் சர்க்கரைத் தண்ணீரைச் சுற்றி எறும்புகள் மொய்த்துவிட்டன. சோடாச் சொட்டுக்குப் பக்கத்தில் வந்த ஒன்று, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"பாத்தீங்களா? எறும்புக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியல" என்றாள்.

பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கும் மகள்தான் துணைக்கு வந்தாள்.

"அம்மா, எறும்புக்கு வேண்டியது சர்க்கரை. இதுல அது இல்ல, அதனால வரல. உப்பைக்கூடத்தான் எறும்பு தொடாது. அதுக்காக நீ உப்பு போடாம சமைக்கிறியா?"

மேல்வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "அப்படிக் கேளு! அப்போ இது நல்லதுதானே?"

"நல்லதுன்னு யாருப்பா சொன்னா? இதைக் குடிக்கிறவங்களுக்குத்தான் சர்க்கரை வியாதி ஜாஸ்தி வருதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது."

"ஐயையோ!"

"ஆனா ஏற்கெனவே உடம்பு போட்டவங்கதானே இதைத் தேடிப் போறாங்க? அதனால வந்துதா, இதனால வந்துதான்னு பிரிச்சுச் சொல்ல முடியலைன்னும் சொல்றாங்க."

"சரி, அப்போ குடிக்கலாம்."

"அப்படியும் சொல்ல முடியாதுப்பா."

"குடிக்கக் கூடாதா?"

"அப்படியும் நான் சொல்லல. பல்லுக்கு மட்டும் கெடுதல், அது எனக்கே தெரியும். புளிப்பு பல்லை அரிச்சுடும். வாயைத் திறங்க, பாக்கலாம்."

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காதது மட்டுமில்லை, சமையலறை விளக்கின் கீழ் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவும் வேண்டியதாயிற்று. மறுநாள் விசிலிடம் இதைச் சொல்லிப் புலம்பினார். "ஒரு நாளைக்குப் பத்து டின் குடிச்சாத்தான் அளவு தாண்டும்னு எங்க மருந்துக் கடைக்காரர் சொன்னாரு" என்றார் விசில். சற்று யோசித்துவிட்டு, "இல்ல, புற்றுநோய் வரும்னும் அவர்தான் சொன்னாரு. வரலாம்னு சொன்னாரா, வரும்னு சொன்னாரா, அது ஞாபகமில்ல" என்றார்.

மேல்வீட்டுக்காரருக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். மனைவி நிறுத்து என்றிருக்கிறாள். நிறுத்தினார்.

முதல் இரண்டு நாள் தண்ணீரோடு போனார். மூன்றாம் நாள் மூன்று மணிக்கு, கொக்கியில் கதவுச் சட்டங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கொட்டாவி வந்தது, கூடவே கண் ஒரு கணம் மூடித் திறந்தது. பாரம் ஆடவில்லை, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவருக்கு மட்டும் முதுகு வேர்த்துவிட்டது. நான்காம் நாள் ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுபோனார். சர்க்கரை இல்லாத டீதான். ஐந்தாம் நாள் அதில் ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்ந்தது. வார முடிவில் ஃப்ளாஸ்க்கின் அடியில் கரையாமல் தங்கும் அளவுக்கு வந்துவிட்டது. கடைசி மூடி டீயை ஊற்றியபோது அந்த வெள்ளைப் படிவைப் பார்த்ததும் தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம்.

அன்று வாக்கி-டாக்கியில் விசிலைக் கூப்பிட்டார். வேலை விஷயம் இல்லாமல் அவர் அதில் பேசியது அதுதான் முதல் முறை.

"இதைக் குடிக்காதேன்னு வீட்ல சொல்றாங்க. அதைக் குடிக்காதேன்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு பேரும் நிறுத்துங்கறாங்க. ஒண்ணை நிறுத்தினா இன்னொண்ணு தானா கிளம்பிடுது. நான் என்னய்யா பண்றது?"

"கம்பிக் கட்டு ரெடி. கொக்கியை மெதுவா எறக்குங்க" என்றார் விசில். பாவம், அவருக்குத் தெரிந்த பதில் அதுதான்.

மறுநாள் பையில் மறுபடியும் டின்கள் ஏறின. வீட்டில் சொல்லவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் மனைவியிடம் அவர் மறைத்த காரியம் இது ஒன்றுதான். காலி டின்களை மிதித்துத் தட்டையாக்கி, வேலை நடக்கும் இடத்துக் குப்பைத் தொட்டியில் அடியில் போட்டு மூடிவிட்டு வருவார். பிடிபட்டு நின்றிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது என்று பிற்பாடு சொன்னார்.

பரிசோதனை நாளன்று நூற்று இருபத்தொன்று வந்தது. டாக்டர் தாளில் முத்திரை குத்தி, "நல்ல முன்னேற்றம்" என்றார். மேல்வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"டாக்டர், ஒரே ஒரு வார்த்தை. டயட் சோடா குடிக்கலாமா, கூடாதா?"

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க முன்னாடி குடிச்ச இனிப்புத் தண்ணிக்கு இது எவ்வளவோ பரவாயில்ல. ஆனா வெறும் தண்ணிக்கு ஈடாகாது. பல வருஷம் குடிச்சா என்ன ஆகும்னு உறுதியா என்னால சொல்ல முடியாது. குறைச்சுக்கங்க."

"எனக்குச் சர்க்கரை குறைஞ்சது இதனாலதானே?"

"இனிப்புத் தண்ணியை விட்டதனால."

"அதை விட்டது இதனாலதானே டாக்டர்?"

"இருக்கலாம்."

"எல்லாரும் இருக்கலாம், இருக்கலாம்னா நான் யாரு பேச்சைத்தான் கேக்குறது?"

டாக்டர் சிரித்தார். அது பதில் இல்லை என்பது மேல்வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. குறைத்துக்கொள் என்றால் எவ்வளவு என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்பது பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டில் தாளைக் காட்டினார். மனைவி அதை ஈரக் கையோடு வாங்கி, எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்ததும் இவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டார். டீயில் ஏறிய சர்க்கரை, மறைத்துக் குடித்த டின்கள், கண் மூடிப்போன அந்த ஒரு கணம், டாக்டர் சொன்னது, சொல்லாதது. முதுகுப் பையைத் திறந்து, மிச்சமிருந்த ஒரு டின்னை எடுத்து மேஜையில் வைத்தார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில காலை வெட்டி எடுத்தது உங்களுக்குத் தெரியும். பிஸ்கட் கதை தெரியாது" என்றாள்.

"என்ன பிஸ்கட்?"

"சர்க்கரை இல்லாத பிஸ்கட்னு டப்பா மேல போட்டிருக்கும். அதான் இல்லையே, அதான் இல்லையேன்னு ஒரு நாளைக்கு ஒரு டப்பா சாப்பிடுவாரு. கடையில போய் வாங்கிட்டு வந்தது நான்தான். நல்லது பண்றேன்னு நெனச்சுதான் வாங்கிட்டு வந்தேன்." டின்னைத் திருப்பி, அதன் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தாள். "அதனாலதான் அப்படி ஆச்சுன்னு எந்த டாக்டரும் சொல்லல. அதனால இல்லைன்னும் யாரும் சொல்லல."

இத்தனை நாளும் அவள் எறும்பைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்திருந்தார். டின்னைத் திரும்பப் பைக்குள் வைக்கக் கை நீட்டினார். பிறகு கழுவுதொட்டியில் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. கொட்டிவிட்டால் நாளை மூன்று மணிக்கு என்ன செய்வது என்று தோன்றியது. கை டின்னின் மேலேயே நின்றுவிட்டது. "நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்" என்றார்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றாள் அவள்.

அவர் கைக்கு அடியிலிருந்து டின்னை உருவினாள். இரண்டு டம்ளர்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திறந்து ஊற்றினாள். நுரை அடங்கும்வரை காத்திருந்து, இரண்டும் ஒரே அளவு வரும்வரை மாற்றி மாற்றி ஊற்றிச் சரிபார்த்தாள். "உனக்கெதுக்கு?" என்று பதறிப்போய் எழுந்தார் அவர். அவள் காதில் வாங்கவில்லை. தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். காற்று மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கோத்து, முகம் சுருங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அவருடைய டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தினாள்.