லீக்கைக் கலைத்த வருஷம் லவோனுக்கு அடித்த யோகம்

ஏரியில் பனிக்கட்டி இன்னும் உருகாத மார்ச் மாதத்தில், பேஸ்பால் லீக்குகளைக் கலைத்து மறுபடி பிரித்துவிட்டார்கள் என்ற சேதி எங்கள் ஊர் நைபோர்க்குக்கு வந்தது. மின்னசோட்டாவில் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் ஓர் அணி உண்டு. வாத்தியார், டிராக்டர் மெக்கானிக், மளிகைக்கடைக்காரன் எல்லாரும் சேர்ந்தால் அதுதான் அணி. பக்கத்து ஊரான செயின்ட் ஓட்டோவோடு எங்களுக்குத் தாத்தா காலத்துப் பகை. இப்போது அந்த ஓட்டோவைத் தூக்கி வடக்கு லீக்கில் போட்டாயிற்று. சீசன் கடைசியில் நடக்கும் பிளேஆஃபில் ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டும் என்ற பழைய முறையும் போயிற்று. இனி இரண்டு தோற்றால்தான் வெளியே.

ஊர் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பீர்க்கடையில் ஆண்கள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

"ஓட்டோக்காரன் இல்லாம என்ன சீசன்? இனிமே யாரப் பாத்து வயிறு எரியறது?" என்றார் தீயணைப்பு வண்டி ஓட்டும் ஹார்லன்.

இறைச்சிக்கடை லவோன் ஹெக்டால் மட்டும் கறி வெட்டும் மேஜைக்குப் பின்னால் ஒரு சுற்று ஆடித் தீர்த்தாள். வயது அறுபதை நெருங்குகிறது, ஆட்டத்துக்கு அதெல்லாம் கணக்கா என்ன. "தொலைஞ்சானுங்க. வருஷா வருஷம் மொத சுத்துலயே நம்மள மிதிச்சுட்டுப் போனானுங்கல்ல?" என்று வந்தவர்களுக்கெல்லாம் சாசேஜை இலவசமாகக் கொடுத்தாள்.

அத்தனை சந்தோஷமும் தம்பி டாரிலுக்காகத்தான். வாலிபத்திலிருந்தே மட்டைக்காரனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடிக்கிறவன் அவன். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, இந்தக் கோடையோடு நிறுத்திக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்துவதற்குள் மாநிலப் போட்டியில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. லவோன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

வாய் என்றால் அது வாய். மைதானத்தில் வலைக்கம்பிக்குப் பின்னால் நின்று எதிரணியைத் திட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் ஓட்டோவுக்கு இடதுகையால் பந்தெறியும் பிட்சர் கோல்ட்டன், பால்பண்ணைக்காரன். "டேய், உங்க மாடு உதைச்சாக்கூட இதவிட நேராப் போகும்டா" என்று கத்துவாள். அவன் திரும்பியே பார்க்கமாட்டான். நம்மவர்களை ஒவ்வொருத்தனாக அவுட்டாக்கிவிட்டு வீட்டுக்குப் போவான்.

ஆகஸ்டில் நைபோர்க் வழக்கம்போல முதல் ஆட்டத்தில் தோற்றது. புது முறை புண்ணியத்தில் பிழைத்து, தட்டுத் தடுமாறி, கடைசி ஆட்டத்துக்கே வந்து சேர்ந்தது. ஜெயித்தால் மாநிலப் போட்டி. ஆனால் எறிந்து எறிந்து எங்கள் பிட்சர்களுக்குக் கையே தூக்க வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில், ஏற்கெனவே வெளியேறிய அணியிலிருந்து ஒரு பிட்சரைக் கூப்பிட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். வடக்கில் ஓட்டோ வரிசையாக இரண்டு தோற்று வெளியே வந்திருந்தது. கோல்ட்டன் சும்மா இருந்தான். கூப்பிட்டதும் எங்கள் நீலச்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

லவோனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனுக்கென்று ருபார்ப் தண்டு வைத்து, 'பை' என்கிற இனிப்புப் பணியாரம் ஒன்று சுட்டு எடுத்து வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்து கைதட்டினாள். அவனோ பந்தைக் கண்ட இடத்தில் எறிந்தான். நாலு பந்து தப்பாகப் போனால் மட்டைக்காரனுக்கு அடுத்த பேஸ் இனாம். மூன்று மட்டைக்காரர்கள் வரிசையாக, அடிக்காமலே, சும்மா நடந்துபோய் மூன்று பேஸிலும் நின்றுகொண்டார்கள். கோல்ட்டன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நேராகக் கம்பிவலைக்கு வந்தான்.

"என்னாச்சு உங்களுக்கு? வீட்ல யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லப்பா. நீ இப்போ நம்ம புள்ள. நல்லாத்தான் போடறே கண்ணு."

"அய்ய, அதெல்லாம் வேணாம். நீங்க கத்துறதக் கேட்டாத்தான் எனக்குக் கை வரும். வடக்குல எல்லாம் மரியாதக்காரங்க, ஒருத்தன் வாயத் தொறக்கல. அதான் தோத்தோம். திட்டுங்க."

"சொந்த ஆளத் திட்டுனா ஊரு என்னய்யா நெனைக்கும்?"

டாரில் முகக்கவசத்தை மேலே தூக்கினான். "அக்கா, திட்டித் தொலையேன். என் முட்டி தாங்காது."

லவோன் பையை ஹார்லன் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். "டேய் கோல்ட்டன், அது ஒன் கைதானா, எவன்கிட்டயாவது எரவல் வாங்கியாந்தியா? தரையில கொட்டறதுக்கு அது என்ன கோழித்தீவனமாடா?"

அடுத்த பந்து டாரிலின் கையுறைக்குள் பொட்டென்று போய் விழுந்தது. அடுத்ததும். அந்த மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் வந்தவர்கள் வரிசையாக அவுட்டானார்கள். இவளுக்குப் பைத்தியமா என்று கேட்டுக்கொண்டிருந்த ஹார்லனே எழுந்து, "மாட்டுக்கார மடப்பயலே" என்று ஆரம்பித்தார். அப்புறம் ஊர் முழுக்க எழுந்து நின்று தன் பிட்சரையே திட்டித் தீர்த்தது. பாதிரியார் மட்டும் வெறுமனே தலையாட்டினார். எதிரணிக்காரர்கள் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். ஹார்லன் மடியில் இருந்த பை எப்போது தீர்ந்தது, யார் தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கடைசிச் சுற்று. நைபோர்க் ஒரே ஒரு ஓட்டம் முன்னால், இன்னும் ஒரே ஒருவன் அவுட்டாக வேண்டும். அவன் மட்டையில் உரசிய பந்து செங்குத்தாக ஏறி, லவோன் நின்ற பக்கமாகச் சாய்ந்தது. டாரில் ஓடி வந்தான். அதை ஓட்டம் என்று சொல்வது அவன் மேலுள்ள பாசத்தால்தான். வலையில் முட்டிக்கொண்டு, பந்தைக் கையுறைக்குள் வாங்கி, அக்கா காலடியில் வலைக்கு அந்தப் பக்கம் மல்லாந்து விழுந்தான்.

"பிடிச்சிட்டேனாக்கா?"

"பிடிச்சிட்டடா."

"ரெண்டு முட்டியும் போச்சு. எந்திரிக்க முடியல."

"போனாப் போகுது. அடுத்த வாரம் ஸ்டேட்டுல நாற்காலி போட்டு உக்காந்து பிடி."

டாரில் படுத்தபடியே சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். லவோன் வலைக்குள் நான்கு விரலை நுழைத்து, எட்டிய மட்டும் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.