மஞ்சளாகிப் போன டிரம் தண்ணீர்

தோட்டக் கான்ட்ராக்டர் மண்ணூர் தாண்டவராயன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவர். ஆனால் ஒரகடத்தில் எந்தக் கம்பெனி வாசலில் பச்சை தெரிந்தாலும், "அது நம்ம கை" என்பார். பாதி உண்மை. மீதியும் சீக்கிரம் உண்மையாகிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஒரே ஒரு கம்பெனியில்தான் மானம் போகும்போல் இருந்தது. ஷிப்ட் பஸ்கள் நிற்கும் கான்கிரீட் தளத்தை ஒட்டி அவர் வைத்த இட்லிப்பூ வரிசை, சித்திரை வெயிலில் தண்ணீர் விட்டும் கருகியது. "மூணு வாரத்துல தேறலேன்னா கான்ட்ராக்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம், ஐயா" என்றுவிட்டாள் நிர்வாக அதிகாரி சுபஸ்ரீ.

ஸ்ரீபெரும்புதூர் உரக்கடைக்காரர் வைட்டமின் சி பொடி கொடுத்தார். "வெயில் இலைக்குள்ள கெளப்புற நஞ்சை முறிக்க செடியே இதைச் செஞ்சுக்கும். அனல் மிஞ்சினா பத்தாது. நாம மேலே தெளிக்கணும்."

தாண்டவராயனுக்குத் தெரியாத தெளிப்பா? எந்த மருந்தானாலும் விடிந்ததும் இரும்பு டிரம்மில் மொத்தமாகக் கரைப்பார். வெயில் தாழ்ந்ததும் தெளிக்கச் சொல்வார். முப்பது வருடப் பழக்கம். ஒரு வாரமாகியும் கருகல் நிற்கவில்லை.

தெளிப்பானைச் சுமக்கும் லீலாதான் சொன்னாள்.

"அண்ணே, காலைல தெளிவா கீற தண்ணி சாயந்திரம் மஞ்சளா கீது. சத்து போய்டுது. வெளிச்சம் படாம வையின்னு டப்பாவுலயே போட்டுகீறான்."

"இன்னா, எனக்கே பாடம் எடுக்கறியா?"

"எடுத்தா இன்னா? நீ படிச்சுட்டா வந்தே?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பந்தயம். கேட்டுப் பக்கம் பாதி உன்னுது. மீதி என் டிரம்மு."

லீலா தெளிக்கும் நேரத்தில் மட்டும், மூடி போட்ட கறுப்பு பிளாஸ்டிக் கேனில் கரைத்தாள். பத்தாம் நாள் அவள் பாதியில் துளிர் கருகாமல் விரிந்தது. அவர் பாதியில் துளிரும் கருகியது. டிரம்மை அன்றே கவிழ்த்தார்.

"கெடுவுக்கு நாலு நாள்தான் கீது. கருகுனதை வெட்டிடலாம்ணே, மேடம் கண்ணுல படாது" என்றாள் லீலா.

"கையை வெச்சே, பாரு!"

சுபஸ்ரீ வந்தாள். "ஏன் ஐயா பாதி மட்டும் நல்லாருக்கு?"

"கருகுனது என் கை, மேடம். பச்சையா நிக்கறது இவ கை. தப்பைக் கண்டுபுடிச்சாச்சு. வேற ஆளு வந்தா முதல்லேர்ந்து தப்பு பண்ணணும்."

சுபஸ்ரீ சிரித்துக்கொண்டே கான்ட்ராக்டைக் கோடை முழுக்க நீட்டித்தாள்.

மறுநாள் முதல் கரைப்பது லீலா, தெளிப்பானைச் சுமப்பது தாண்டவராயன். கேட்டில் காவலாளி வாயைப் பிளந்தான்.

"இன்னாடா பாக்கறே? இந்த வயசுல பதினாறு லிட்டர் தூக்கறவன் ஒரகடத்துல வேற எவன் கீறான்?"