கம்பியில்லா மைக்கும் கடுகளவு பொறியும்

1. சிங்கப்பூர்ப் பெட்டி

சிவகாசியிலிருந்து ஒரு பட்டாசு முதலாளி ஆள் அனுப்பி அழைத்தபோது, வாடகைக்கு ஆம்ப்ளிபயர் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. விருதுநகரில் எனக்கு ஒரு மைக் செட் கடை இருந்தது. படிப்பு எட்டாவதுதான். மதுரையில் ஒரு ரேடியோ கடையில் நாலு வருஷம் சோல்டரிங் பிடித்துக் கற்றதுதான் தொழில். கல்யாணம், கோயில் கொடை, எங்கள் சபையின் கன்வென்ஷன், எதுவானாலும் என் ஹாரன் ஸ்பீக்கர்தான் கட்டியிருக்கும். ஆண்டவர் கிருபையால் ஒரு கூட்டத்திலும் பாதியில் சத்தம் நின்றதில்லை.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் மேஜை மேல் உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி இருந்தது. உள்ளே கையில் பிடிக்கிற ஒரு மைக், இடுப்பில் கட்டிக்கொள்ளத் தோல் உறையில் ஒரு டிரான்ஸ்மிட்டர், தனியாக ஒரு ரிசீவர்.

"ஞானமுத்து, இதுல வயரே கிடையாது. பேசிக்கிட்டே நடக்கலாம். நம்ம பக்கத்துல எவனும் பாத்திருக்க மாட்டான். உங்களால பூட்டிப் பேச வைக்க முடியுமா?"

"கூட புத்தகம் இருந்தா பூட்டிருவேன் அண்ணாச்சி."

"புத்தகம் ஜப்பான்காரன் பாசையில இருக்கு."

"அப்ப படத்தைப் பாத்துப் பூட்டிருவேன்."

சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவருடைய ஆலையில் புதிதாகச் சில அறைகள் கட்டியிருந்தார். பழைய அறைகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு மதராஸிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். அவர் இந்த மைக்கோடு அறை அறையாக நடந்து, வெடிமருந்து கலக்கும் அறை வரை போய், வேலை செய்கிறவர்களிடம் பேச வேண்டும். அவருக்கு முன்னால் நாதஸ்வரக்காரரும் இதே மைக்கில் வாசித்துக்கொண்டு நடக்க வேண்டும். நாலு கலரில் நோட்டீஸ் அச்சாகிவிட்டது. அதில் 'கம்பியில்லா ஒலிபெருக்கி' என்று பெரிய எழுத்து. மைக்குக்கு வேண்டிய இலாகா அனுமதியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

2. ஒரு வாரம்

முதல் நாள் ரிசீவர் வயரை ஆம்ப்ளிபயரின் மைக் சாக்கெட்டில் சொருகினேன். ஹாரன் கிழிகிற மாதிரி கத்தியது. ரிசீவரிலிருந்து வருவது ஏற்கெனவே பெருக்கிய சத்தம். அதைக் கிராமபோன் சாக்கெட்டில்தான் கொடுக்க வேண்டும். இது புரிய அரை நாள் ஆனது.

இரண்டாவது தப்பு, டிரான்ஸ்மிட்டரின் வால் மாதிரித் தொங்கிய வயரை அழகுக்காகச் சுருட்டி உறைக்குள் வைத்தது. பத்தடி நடந்தால் குரல் செத்துப்போகும். அந்த வால்தான் ஏரியல். அது நேராகத் தொங்க வேண்டும். ரிசீவரும் ஆம்ப்ளிபயரை ஒட்டி இருந்தால் உறுமும். தள்ளி ஒரு உயரமான ஸ்டூலில் வைத்தேன். தெருவில் பஸ் போனால் படபடவென்று அடித்தது. ரோட்டை விட்டு விலகிக் கட்டுவதுதான் அதற்கு வைத்தியம்.

நாதஸ்வரத்துக்குத் தெரிந்த ஒரு வித்வானை அழைத்து வாசிக்கச் சொன்னேன். குழலின் வாய்க்கு நேரே பிடித்தால் சத்தம் உடைந்தது. ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்தபோது சுத்தமாக வந்தது.

கடைசிப் பரீட்சைக்கு என் மனைவி ரூத் மைக்கை எடுத்துக்கொண்டு கிணற்றடி தாண்டி நடந்து, பரமண்டல ஜெபத்தை முழுதும் சொன்னாள். திரும்பி வந்து, "கேட்டுச்சா?" என்றாள். ஆமென் வரைக்கும் கேட்டது என்றேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. போர்மேன் கேட்ட கேள்வி

விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஆலைக்குப் போனேன். வாசலில் போர்மேன் வேலாயுதம் நின்றார். செருப்பைக் கழற்றச் சொன்னார். சட்டைப் பையைக் காட்டச் சொன்னார். என் இடுக்கி, சாவிக்கொத்து இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். மருந்து இருக்கிற இடத்துக்கு இரும்பு போகக் கூடாது, கரண்ட் போகக் கூடாது. அங்கே மரமும் பித்தளையும்தான். இது எனக்கும் தெரியும். அதனால்தான் தைரியமாகத் தோல் உறையை நீட்டி, வயரே இல்லை என்றேன்.

"வயரு இல்லைன்னா கரண்டும் இல்லைன்னு ஆகிருமா, மைக் செட்டுக்காரரே?"

"சின்ன பேட்டரிதான். டார்ச் லைட்டு மாதிரி."

"டார்ச் லைட்டையும் இங்கன வச்சுட்டுத்தான் உள்ள போவோம்."

எனக்குக் கோபம் வந்தது. பெரிய விழாக்களைப் பார்த்தவன் நான். முதலாளியே சொல்லியிருக்கிறார் என்றேன். வேலாயுதம் குரலை உயர்த்தவில்லை.

"உள்ள நாப்பது பொம்பளைக உக்காந்திருக்காக. இதுல தீப்பொறி வராதுன்னு உங்க சாமி மேல சத்தியம் பண்ணுங்க, விட்டுருதேன்."

ஆணையிட்டுச் சத்தியம் செய்வது எங்கள் வேதத்தில் விலக்கப்பட்டது. சத்தியம் பண்ண மாட்டேன் என்றேன்.

"சரி, பண்ண வேணாம். வரும், வராது, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அது போதும்."

நீட்டிய தோல் உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் அந்தப் பெட்டியோடு குடும்பம் நடத்தியும், அந்தக் கேள்வியை நான் அதனிடம் கேட்டதே இல்லை.

4. போர்வைக்குள்

வீட்டுக்கு வந்து டிரான்ஸ்மிட்டரைத் திறந்தேன். உள்ளே இரண்டு பேட்டரி. ஒன்று சின்னது, இன்னொன்று அறுபது வோல்ட்டுக்கு மேல். டார்ச் லைட்டோடு ஒப்பிட்டதே தப்பு. பட்டப்பகலில் கதவைச் சாத்தி, கம்பளிப் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஜெபித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்விட்சைப் போட்டேன். நீல நிறத்தில், கடுகளவு, ஒரு பொறி. நிறுத்தியபோது மறுபடியும் ஒன்று. ஐந்து முறை போட்டேன். ஐந்து முறையும் வந்தது.

மறுநாள் பெட்டியையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினேன். மைக் மருந்து அறைக்குப் போகக் கூடாது என்றதும் அண்ணாச்சி முகம் மாறிவிட்டது.

"நோட்டீஸு ஊரெல்லாம் போயாச்சு. உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லுங்க, மதுரையில வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

"பாருங்க அண்ணாச்சி. யாரு போட்டாலும் பொறி வரும்."

வாசலிலேயே ஸ்விட்சைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் என்ன என்றார். உள்ளே ஒரு கை தவறிப் பட்டு ஸ்விட்ச் நின்றாலும் பொறிதான், பேட்டரிப் பிடி ஆடினாலும் பொறிதான் என்றேன். வேண்டுமானால் அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று போர்வையை விரித்தேன். பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வெள்ளைச் சட்டையோடு அண்ணாச்சியும் நானும் அந்தக் கம்பளிக்குள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தோம். ஸ்விட்சைப் போட்டேன். அதே நீலப் பொறி வந்தது.

"இன்னொரு தடவ போடுங்க," என்றார்.

போட்டேன். போர்வையை விலக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதுரை ஆள் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

"மதராஸ் பெரியவுக உள்ள போக வேணாம். நம்ம ஆளுக வெளிய வரட்டும்."

5. விழா

வேலியைத் தாண்டி, அறைகளுக்கு வெகுதூரத்தில் இருந்த பொட்டலில் பந்தல் போட்டோம். ஆம்ப்ளிபயர், கார் பேட்டரி, ஹாரன் எல்லாம் அங்கேதான். அறைகளைப் பூட்டிவிட்டு, நாற்பது பெண்களும் கை கால் கழுவி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். விருந்தாளிகள் பின்னால்.

நாதஸ்வரம் நடந்துகொண்டே ஒலித்தது. பிறகு மதராஸ் பெரியவர் மேடையில் நிற்காமல், பெண்களுக்கு நடுவே நடந்து பேசினார். ஒரு அம்மாளிடம் மைக்கை நீட்டிப் பேர் கேட்டார். அவர் தலைகுனிந்து, "மாரியம்மா" என்றார். அந்தப் பேர் ஹாரன் வழியாகப் பொட்டல் முழுக்கக் கேட்டது. அந்த அம்மாளே நிமிர்ந்து ஹாரனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகக் கை நீட்டி மைக்கை வாங்கித் தங்கள் பேரைச் சொன்னார்கள். ஒரு பேர் கூட அறுபடவில்லை.

வேலாயுதம் என் பக்கத்தில் வந்து நின்றார். "இங்கன நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஆலைக்குப் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும், கரண்ட் மணியோ விளக்கோ, முதலில் விருதுநகருக்கு என் கடைக்கு வரும். நான் இருட்டில் வைத்துப் பார்த்து, வரும் அல்லது வராது என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தச் சீட்டில்லாமல் வேலாயுதம் வாசலைத் திறக்க மாட்டார், அண்ணாச்சியே கொண்டுவந்தாலும். எட்டாவது படித்தவன் கையெழுத்துக்கு ஆண்டவர் கொடுத்த மரியாதை அது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்களும் பெருமையாகச் சொல்வீர்கள். உங்கள் பெட்டி எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.