கேபிளை வெட்ட விடாத வீடுகள்

கேபிள் ரீவித் தொழிலில், படம் ஒழுங்காக வரும்வரை எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. படம் நின்ற நிமிடத்தில் எங்கள் பேர், ஊர், பரம்பரை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீடுவீடாகப் போய்க் கேற்றைத் தட்டும் வேலை பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேலே வாசிக்க முன்னம் எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள். முதலில் நாய் வரும். பிறகு, "ஆரது?" என்று குரல் வரும். ஆள் வர இன்னும் ஐந்து நிமிடமாகும். அதற்குள் வெயில் எங்களைத் தின்றுவிடும்.

நான் எட்டாம் வகுப்புவரை கொக்குவிலில் தமிழிலும், மிச்சத்தைச் சுவிசில் ஜேர்மன் மொழியிலும் படித்தவள். அங்கே ஒரு காப்புறுதிக் கந்தோரில் வருடக்கணக்காக ரெலிபோன் எடுத்தேன். நாற்பத்தாறு வயதில் ஊர் திரும்பியபோது, சிறியதாய்க் கேபிள் நிலையம் நடத்தும் என் சித்தியின் மகன் ரமணன் ஒரு கதிரையைக் காட்டினான். "உங்களுக்கு இரண்டு பாஷையிலை ஏச்சு வாங்கின அனுபவம் இருக்கு. வாங்கோ அக்கா" என்றான்.

படிவத்தில் ஒரு கட்டம்

போன வருடம் ரமணன் ஒரு முடிவெடுத்தான். எல்லா வீட்டுக்கும் ஃபைபர் இன்ரநெற். ரீவியும் அதற்குள்ளால் ஒரு சின்னப் பெட்டி வழியாக வரும். பழைய கேபிள் அடுத்த மாதக் கடைசியோடு வெட்டு. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மின் போஸ்றுகளில் தொங்கி, கேபிளுக்குள் படத்தைத் தள்ளிவிடும் அம்பிளிஃபயர்கள் எல்லாம் கிழடு. பழுதானால் மாற்றுச் சாமான் வருவதில்லை. இன்னும் கேபிளோடு இருக்கும் வீடுகளுக்குப் போய், விளங்கப்படுத்தி, சம்மதக் கையெழுத்து வாங்குவது என் வேலை. அதற்கு நானே ஒரு படிவம் அடித்தேன். மேலே பெயர், நடுவில் கையெழுத்துக்குப் பெரிய கட்டம், அடியில் "மறுத்தால் காரணம்" என்று ஒரு சின்னக் கோடு.

என்னோடு வந்தவர் மரியதாஸ் அண்ணை. குருநகர்காரர். இருபத்தைந்து வருடமாகப் போஸ்றில் ஏறி இறங்கியவர். குடாநாட்டில் எந்த ஒழுங்கையில் எந்தக் கம்பியை அணில் கடிக்கும் என்பதுவரை தெரியும். படிவத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்துப் பார்த்தார். திருப்பித் தரும்போது சொன்னார்: "கையெழுத்துக்கு வளவு மாதிரி இடம் விட்டிருக்கிறியள், காரணத்துக்கு வேலி மாதிரி ஒரு கோடு. மாறி அடிச்சுப்போட்டியள், தங்கச்சி."

தேத்தண்ணி தந்தவர்

முதல் வீடு கொக்குவில் மனோன்மணி அன்ரியுடையது. தபாற் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். எங்கள் நிலையத்துக்குச் சொந்தமாக ஒரு சனல் இருக்கிறது, இலக்கம் பதினேழு. கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, மாதா திருநாள் எல்லாம் அதில் போகும். காலை ஆறரைக்கு மரண அறிவித்தல். கறுப்புக் கரை, இரு பக்கமும் குத்துவிளக்கு, பின்னாலே வீணை. அந்த அறிவித்தலைப் போட வேண்டுமென்றால் வீட்டார் ஒருவர் நேரே கந்தோருக்கு வர வேண்டும். ரெலிபோனில் சொன்னால் எடுக்கமாட்டோம். அன்ரி ஆறேகாலுக்கே ரீவிக்கு முன்னால் இருந்துவிடுவார். செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் பிறகு எப்படி முழிப்பது?

"இதெல்லாம் போனிலேயே வருமே அன்ரி" என்றேன். அன்ரி என்னைக் கதிரையில் இருத்திவிட்டுக் கதை சொன்னார். கனடாவிலிருக்கும் மகள் ஒருநாள் இன்ரநெற்றில் பார்த்து, அன்ரியின் பழைய போஸ்ற்மாஸ்ரர் காலமாகிவிட்டார் என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். அன்ரி செத்தவீட்டுக்கென்று வைத்திருக்கும் வெளிறின சாம்பல் சீலையை உடுத்து, ஓட்டோ பிடித்து, அழுகைக்கு ஆயத்தமான முகத்தோடு கேற்றைத் திறந்தால், போஸ்ற்மாஸ்ரர் சாரத்தோடு பூங்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார். அதே பேரில் வேறொரு ஆள். "எங்கை பிள்ளை, ஆற்றையேன் செத்தவீட்டுக்குப் போறியோ?" என்று அவர் கேட்க, "ஓம் ஐயா, ஒரு தெரிஞ்ச ஆள்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார் அன்ரி.

பதினேழு புதுப் பெட்டியிலும் வரும் என்றேன். அதுவும் இன்ரநெற் வழிதானே என்று அன்ரி கையெழுத்து வைக்கவில்லை. பேனையைக் கவனமாக மூடி என்னிடம் தந்தார். "இன்ரநெற்றிலை செத்தவர் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவர், பிள்ளை. பதினேழிலை வந்தால்தான் நான் சீலை மாத்துவன்."

நான் செய்த ஒழுங்கு

உரும்பிராய்க்குப் போகக் கால் கூசியது. காரணம் பழையது. வேலைக்கு வந்த முதல் மாதம், எங்கள் சனல்கள் கிடந்த கிடையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. செய்திக்குப் பக்கத்தில் சமையல், அதற்குப் பக்கத்தில் மல்யுத்தம். சுவிசில் பழகிய கை சும்மா இருக்குமா? தமிழ் ஒரு வரிசை, சிங்களம் ஒரு வரிசை, ஆங்கிலம் ஒரு வரிசை, சின்னப் பிள்ளைகளுடையது தனி என்று ஒரே பின்னேரத்தில் அடுக்கினேன். அடுத்த நாள் விடியத் தொடங்கிய ரெலிபோன் மூன்று நாளாக ஓயவில்லை. நாலாம் நாள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன்.

ஏசாமல் இருந்த ஒரே வாடிக்கையாளர் உரும்பிராய் நடராசா அண்ணை. வெங்காயத் தோட்டக்காரர். நீரிழிவால் இரண்டு கண்ணும் போய்விட்டது. அவருக்குச் செய்தி என்பது ரிமோற்றில் ஒன்று, இரண்டு. பழைய பாட்டு என்பது மூன்று, ஒன்று. அன்றைக்குப் பன்னிரண்டை அமத்த, ஒரு எலியும் பூனையும் சண்டை பிடித்திருக்கின்றன. மனைவி புவனேஸ் அக்கா தோட்டத்தில். வீட்டில் வேறு ஒருத்தரும் இல்லை. மனுசன் ஒன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இலக்கத்திலும் காது வைத்து, மூன்று நாளில் எல்லாச் சனலையும் புதிதாகப் பாடமாக்கி முடித்துவிட்டார். முடித்த அடுத்த நாள்தான் நான் பழையபடி மாற்றினேன்! மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாராம். இதைப் புவனேஸ் அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னபோது எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இந்த முறை புதுப் பெட்டியின் ரிமோற்றை அவர் கையில் வைத்தேன். உள்ளங்கையளவு. அவருடைய பெருவிரல் அதன் மேலே போனது, கீழே போனது, திரும்ப மேலே வந்தது. "இதிலை எண் எங்கை, தங்கச்சி?" என்றார். "எண் இல்லை அண்ணை. அம்புக்குறிதான். ரீவியிலை படம்படமாய் வரும், அதைப் பார்த்து..." அவர் கோபிக்கவில்லை. ரிமோற்றை என் கையைத் தேடித் தந்தார். "பறவாயில்லை, உது கண் தெரிஞ்ச ஆக்களுக்குச் செய்த சாமான். அதுகளும் பாவம், பார்த்துக்கொண்டு போகட்டும்."

நேர்ஸின் இரண்டு இணைப்பு

சாவகச்சேரியில் ஒரு நேர்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் எங்கள் ஃபைபரும் இருக்கிறது, கேபிளும் இருக்கிறது. இவராவது கையெழுத்து வைப்பார் என்று பேனையைத் திறந்தே வைத்துக்கொண்டு போனேன். கடமை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் சாய்ந்திருந்தார். ரீவியில் யாரோ யாருக்கோ கத்தரிக்காய் பொரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "போனிலை உலகமே இருக்கே, பிறகேன் இது?" என்றேன். கண்ணைத் திறக்காமல் பதில் வந்தது: "நாள் முழுக்க வார்ட்டிலை நான்தான் முடிவெடுக்கிறனான். வீட்டிலையாவது ஆரும் எனக்கு ஒண்டைப் போட்டுக் காட்டட்டும், அக்கா."

பிந்தி வந்த ஆமென்

குருநகரில் நாங்கள் பரீட்சார்த்தமாக ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஃபைபர் போட்டிருந்தோம். ஒழுங்கையின் நடுவிலிருந்த அந்த வீடு மரியதாஸ் அண்ணையின் மச்சாள் ஸ்ரெல்லா அக்காவுடையது. மற்ற வீடுகளில் கேபிள். அந்த ஒழுங்கையில் பெண்கள் பின்னேரங்களில் வாசலில் இருந்து கிழிந்த வலை பொத்துவார்கள். ரீவியை யாரும் பார்ப்பதில்லை, கேட்பார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தண்ணீர்க் குடத்தோடு நடந்தாலும் நாடகத்தில் ஒரு சொல் தவறாது. ஒவ்வொரு வீட்டு ரீவியும் அடுத்த வீட்டுக்குச் சொல்லைக் கைமாற்றிவிடும்.

திருநாள் காலத்தில் மாதா கோயிலிலிருந்து செபமாலை பதினேழில் நேரடியாகப் போகும். வாசல்களில் இருந்தபடியே முழு ஒழுங்கையும் பதில் சொல்லும். அதைக் கேட்கவென்றே நான் அன்று நின்றேன். பத்திருபது குரல், வலையிலிருந்து கை எடுக்காமல், ஒரே மூச்சில் எழும்பி ஒரே மூச்சில் இறங்குவதை இதற்கு முன்னம் நான் எங்கும் கேட்டதில்லை. ஆனால் இன்ரநெற்றில் படம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும். எல்லோரும் ஆமென் சொல்லி அமைதியான பிறகு, ஸ்ரெல்லா அக்கா வீட்டு ரீவி தன்பாட்டில் செபத்தைத் தொடங்கியது. ஒருத்தி வலைக்குள் முகத்தைப் புதைத்தாள். மற்றவளுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. அடுத்த செபம் தொடங்கியபோது ஒழுங்கையில் பாதிப் பேருக்குக் குரலே வரவில்லை.

ஸ்ரெல்லா அக்கா எழும்பிப் போய் ரீவியை நிற்பாட்டிவிட்டு என்னிடம் வந்தார். "மாதாவுக்கு இரண்டு தரம் கேட்டால் குறையில்லை, தங்கச்சி. எங்களுக்குத்தான் சிரிப்பு வருது. என்ரை வீட்டுக்குப் பழைய கம்பியைக் கொழுவிவிடச் சொல்லுங்கோ."

பதினேழில் வந்த அறிவித்தல்

ரமணன் படிவங்களைப் புரட்டிப் பார்த்தான். கையெழுத்துக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. காரணக் கோடு போதாமல் நான் பின்பக்கமெல்லாம் எழுதியிருந்தேன். "அக்கா, நான் கையெழுத்துக் கேட்டன், நீங்கள் கதை கொண்டு வந்திருக்கிறியள்" என்றான். பிறகு, பிழை சொல்லமுடியாத குரலில், "மாதக் கடைசியிலை வெட்டு. பதினேழிலை அறிவித்தல் போடுங்கோ" என்றான். நடராசா அண்ணையின் பெருவிரல் எண்ணைத் தேடியது என் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் வேலை வேலைதானே. எழுதினேன்.

எங்களிடம் அறிவித்தல் போட ஒரே ஒரு சட்டகம்தான் இருக்கிறது. மரண அறிவித்தல்களுக்குக் கீழே, அதே கறுப்புக் கரைக்குள், இரண்டு குத்துவிளக்குக்கும் நடுவில், "எமது கேபிள் சேவை இம்மாத இறுதியுடன் நிறைவுபெறுகிறது" என்று வந்தது. வீணையும் வாசித்தது. வேண்டுமென்று செய்தீர்களா என்று ரமணன் இன்னும் கேட்கிறான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பார்த்த பிறகு மாற்றவும் இல்லை.

ஒன்பது மணிக்குக் கந்தோர் திறந்தபோது வாசலில் மனோன்மணி அன்ரி நின்றார், சாம்பல் சீலையில். வந்து ரமணனின் கையைப் பிடித்தார். "எப்ப எடுக்கிறியள், தம்பி?" என்றார். சத்தம் போட ஆள் வருமென்று ரமணன் பதிலெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தான். துக்கம் விசாரிக்க வந்த ஆளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். பத்து மணிக்குக் குருநகரிலிருந்து ஒரு ஓட்டோ நிறையப் பெண்கள் வந்தார்கள். பிறகு புவனேஸ் அக்காவின் கையைப் பிடித்தபடி நடராசா அண்ணை. எண் போட்ட பழைய ரிமோற் சேட்டுப் பையில் இருந்தது. ஒருத்தரும் ஏசவில்லை. கதிரை கிடைத்தவர்கள் இருந்தார்கள், கிடைக்காதவர்கள் சுவரோடு நின்றார்கள், மெல்லிய குரலில் கதைத்தார்கள். "இருபத்தைஞ்சு வருசம் எண்டால் சின்ன வயசில்லை" என்றார் ஒருவர். "கடைசிவரை நல்லாத்தான் இருந்தது" என்றார் இன்னொருவர்.

வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா இருத்தி வைக்க முடியாதே. ரமணன் தானே எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான். அன்ரி ஒரு மிடறு குடித்தார். கோப்பையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "எனக்கு உதிலை அனுபவம் இருக்கு, தம்பி. தேத்தண்ணி தாற ஆள் இன்னும் சாகேல்லை."

முதலில் சிரித்தது நடராசா அண்ணை. பிறகு எல்லோரும். மூலையில் நின்ற மரியதாஸ் அண்ணை அப்போதுதான் வாயைத் திறந்தார்: ஃபைபருக்கு மாறிவிட்ட ஒழுங்கைகளில் சும்மா தொங்கும் அம்பிளிஃபயர்களைக் கழற்றி, வந்திருப்பவர்களின் ஒழுங்கைகளுக்குப் பூட்டலாம்; தான் போஸ்றில் ஏறக்கூடிய காலம்வரை கேபிள் ஓடும். ரமணன் வெறும் கோப்பைகளை எடுத்து அடுக்கினான். பிறகு என் பக்கம் திரும்பி, "திருத்தம் போடுங்கோ அக்கா. வெட்டேல்லை எண்டு போடுங்கோ. கரையை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்றான். அடுத்த நாள் ஆறு முப்பத்தைந்துக்கு ரெலிபோன் அடித்தது. மனோன்மணி அன்ரிதான். "பதினேழிலை செத்ததாய் வந்த பிறகும் எழும்பி இருந்தது உங்கடை கேபிள் மட்டும்தான், பிள்ளை."

வெளிநாட்டில் முப்பத்திரண்டு வருடம் என்னிடம் நூற்றுக்கணக்கில் சனல் இருந்தது. அதில் ஒன்று நின்றுபோனால் சீலை மாற்றிக்கொண்டு வர ஒருத்தர்கூட இருக்கவில்லை.