விற்காத துறைமுகம்

யப்பான்காரனோடு யுத்தம் நடக்கிறபோது, திருகோணமலைத் துறைமுக வாசலில், அதே துறைமுகத்தைப் படமாக வரைந்து கப்பல்காரருக்கு விற்க வந்திருக்கும் மடையன் நான் ஒருவன்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காலையிலிருந்து இந்தக் கைப்பணிச் சந்தையில் வெயில் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு படமும் போகவில்லை. பக்கத்தில் மூதூர் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர்; அவருடைய பனையோலைப் பெட்டிகள் விற்றுப் பறக்கின்றன.

"கூப்பிட்டு வில்லுங்கோ ஐயா! மையத்து விழுந்த வீட்டில துக்கத்துக்குக் குந்தியிருக்கிற மாதிரி இருந்தா ஆர் வாங்குவான்?" என்கிறார் அவர்.

கூப்பிடலாமென்று வாயைத் திறக்கிறேன். எதிரே பொலிஸ்காரர் நிற்கிறார்.

"துறைமுகத்தைக் கீறினா பிடிச்சு மறியலில அடைப்பாங்கள் எண்டு தெரியாதோ?"

படங்களை அள்ளிக்கொண்டு துறைமுகத்துக்குள்ளே வெள்ளைக்காரத் துரையிடம் போகிறார். இந்த வயதில் மறியல் சோறு செரிக்குமா? ஆனாலும் வெட்கங்கெட்ட மனது, ஒரு சாம்ராச்சியமே உன் தூரிகைக்குப் பயப்படுகிறதடா என்று உள்ளூரப் பூரிக்கிறது.

திரும்பி வந்தவர் படங்களை அப்படியே என் மடியில் வைக்கிறார்.

"தாராளமா வில்லுங்கோ ஐயா. இதை நம்பி வாற யப்பான்காரன், இருபது மைல் தள்ளி வடக்கால குச்சவெளியிலதான் போய் இறங்குவான் எண்டு துரை சிரிக்கிறார்."