அம்மா ஆறுதலா எண்டா, அப்பா கெதியா எண்டார்

கணிதத்தை எந்த ஒழுங்கிலை படிக்கிறதெண்டு முடிவெடுக்க நான் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனன். அப்ப எனக்கு இருவத்திரண்டு வயசு. தாடி இருக்கு, கார் இருக்கு, பக்டரியிலை வேலை இருக்கு. வளந்தவை படிக்கிற அந்தப் பள்ளிக்கூடம் டென்மார்க்கிலை, கோல்டிங் எண்ட ஊரிலை. அங்கத்தை ஆலோசகி எங்களைக் கண்டிட்டு இன்னும் ரண்டு கதிரை தேடி பக்கத்து அறைக்குப் போனா. இந்த வயசிலை எல்லாரும் தனியத்தான் வாறவை எண்டு சிரிச்சா. எங்கடை ஆக்கள் பொம்பிளை பாக்கத்தான் இப்பிடிக் குடும்பமாப் போறது, அந்தப் பழக்கம் விடேல்லை எண்டு டெனிஷிலை சொன்னன். அவவுக்கு விளங்கேல்லை. அம்மாவுக்கு விளங்கிச்சுது, மேசைக்குக் கீழாலை என்ரை காலை மிதிச்சா.

இஞ்சை உயர்தரக் கணிதம் மூண்டு படி. சி, பி, ஏ. சி அடி, ஏ உச்சி. அம்மா அதுகளுக்குப் பேர் வச்சிருந்தா, சின்னவன், நடுவிலான், பெரியவன் எண்டு. நான் முந்தி எங்கடை ஊர் கிரின்ஸ்டெட்டிலை படிக்கேக்கை நேரா பெரியவனோடை மல்லுக்கட்டப் போய் மூக்குடைபட்டு, பள்ளிக்கூடத்தை விட்டிட்டு பக்டரிக்குப் போனவன். பெரியவனைத் தெரிவுசெய்தது நானில்லை. அப்பா ஒரு பிறந்தநாள் விழாவிலை பிளேட்டும் கையுமா நிண்டு "மகன் ஏ செய்யிறான்" எண்டு அறிவிச்சிட்டார். பேந்து என்னத்தைச் செய்யிறது. நான் விட்டாப் பிறகும் மனுசன் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். நான் பெட்டி அடுக்கி அடுக்கி ஏ செய்துகொண்டிருந்தன்.

இப்ப மிச்சப் பாடமெல்லாம் ஒருமாதிரி முடிச்சாச்சு, கணிதம்தான் பாக்கி. ரண்டு ஒழுங்கு இருக்கெண்டு ஆலோசகி சொன்னா. ஒண்டு, முதல் வருசம் சின்னவன், அடுத்த வருசம் நடுவிலான், விருப்பமெண்டா மூண்டாம் வருசம் பெரியவன். மற்றது, சின்னவனைத் தாண்டிக்கொண்டு நேரா நடுவிலான், ஒரே வருசத்திலை, ஓட்டமா ஓடி. நான் விண்ணப்பிக்கப்போற இஞ்சினியர் படிப்புக்கு நடுவிலானே காணும், பெரியவன் தேவையில்லை.

இதுக்கு முதல் கிழமை நானும் அப்பாவும் கோல்டிங் ஆசுப்பத்திரிக்குப் போனனாங்கள். அம்மாவுக்கு வேலை, அவ வயோதிபர் இல்லத்திலை பராமரிப்பு வேலை. டொக்டர் இளம் ஆள். இஞ்சத்தை டொக்டர்மார் சுத்தி வளைச்சுக் கதைக்கமாட்டினம். கணையத்திலை புற்றுநோய், ஈரலுக்கும் பரவீட்டுது, வெட்டி எடுக்கேலாது எண்டார். அப்பா ஏதோ பஸ் நேரம் கேக்கிறமாதிரி, அடுத்த கோடை வரைக்கும் இருப்பனோ எண்டு கேட்டார். டொக்டர் யோசிச்சிட்டு, சிலவேளை எண்டார். அப்பா எழும்பி அவருக்குக் கை குடுத்து நன்றி சொன்னார். நல்ல செய்திக்குச் சொல்லுறமாதிரி.

காரிலை வரேக்கை அப்பா, தனக்கு வயித்துப்புண் எண்டு அம்மாவிட்டைச் சொல்லுவம் எண்டார்.

"அவ நாள் முழுக்க வருத்தக்காரரோடை நிண்டிட்டு வாறவ. வீட்டிலையும் ஏன்?"

நான் எதுக்கும் ஒரு பகிடி வச்சிருக்கிற ஆள். அண்டைக்கு றோட்டைப் பாத்து ஓட்டினன்.

அதோடைதான் நான் ஆலோசகியின்ரை அறையிலை ரண்டு பேருக்கும் நடுவிலை இருந்தன். அம்மா, பிள்ளை ஒருக்கா விழுந்து எழும்பினவன், ஆறுதலா, படிப்படியாச் சின்னவனிலையிருந்து வரட்டும் எண்டா. அப்பா, இல்லை, நேரா பி எண்டார். அம்மா அவரைத் திரும்பிப் பாத்தா. ஏயிலை குறைஞ்சு ஒண்டையும் வாயாலை சொல்லாத மனுசன் பி காணும் எண்டுறார், அதுவும் கெதியா, ஒரே வருசத்திலை. ஆலோசகியும் அம்மா பக்கம்தான். என்ரை பழைய புள்ளியளைக் கணினியிலை பாத்திட்டு, சியிலை தொடங்கிறதுதான் நல்லம், என்ன அவசரம் எண்டு கேட்டா. அப்பா சுவரிலை இருந்த படத்தைப் பாத்தார். அடுத்த ஆனியிலை முடியவேணும் எண்டார்.

"அடுத்த ஆனியிலை என்ன இருக்கு?" எண்டா அம்மா.

 மூண்டு பேரும் என்னைப் பாத்தினம். ஆறுதலா எண்டு சொன்னா அப்பா இருந்து பாக்க ஒண்டும் மிஞ்சாது. கெதியா எண்டு சொன்னா, அம்மா ஏனெண்டு கேப்பா. நான் நேரா பி எண்டன். ஏனடா எண்டா அம்மா. சி வகுப்பிலை வடிவான பெட்டையள் இல்லையாம் எண்டன். அந்தமுறை அவ காலை மிதிக்கேல்லை.

ஆவணியிலை வகுப்புத் தொடங்கிச்சுது. வாத்தியார் கோப்பனேகன் றெயின் மாதிரி, ஒரு இடத்திலையும் நிக்கமாட்டார். பின்னேரம் பக்டரி, காலமை வகுப்பு. அப்பாவுக்கு மருந்து ஏத்துற நாளுகளிலை அவரை ஆசுப்பத்திரி வாசலிலை இறக்கிப்போட்டு நான் வகுப்புக்குப் போவன். திரும்பி வரேக்கை என்ன படிப்பிச்சவை எண்டு கேப்பார். வளைகோடு ஒண்டை இண்டைக்கு நுள்ளி நுள்ளிப் பாத்தம், அது அழேல்லை, நான்தான் அழுதனான் எண்டு சொல்லுவன். முதல் சோதினையிலை எனக்கு மைனஸ் மூண்டு. டென்மார்க்கிலை பூச்சியத்துக்குக் கீழையும் புள்ளி இருக்கு. ஒண்டும் தெரியாதவனிலும் குறைவாத் தெரிஞ்சிருக்க ஏலும் எண்டு அப்பதான் விளங்கிச்சுது. அதைச் சொல்ல அப்பா சிரிச்சார். பேந்து வயித்தைப் பொத்திக்கொண்டு, காரை ஓரமா நிப்பாட்டச் சொன்னார். வெளியாலை இறங்கிச் சத்தியெடுத்தார். வயல்வெளி, ஒரு வீடும் இல்லை, காத்து. நான் அப்பாவின்ரை ஜாக்கெட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அதுக்குள்ளை ஆளின்ரை பாரமே இல்லை.

மார்கழியிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா புட்டவிச்சிருந்தா. அப்பா ரண்டு வாய் திண்டிட்டு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார். தையிலை புதுசா ஒரு சி வகுப்புத் தொடங்குதாம், நீ அதுக்கு மாறு எண்டு எனக்குச் சொன்னார்.

அம்மா சந்தோசப்படுவா எண்டு நினைச்சன், அவ கேட்ட ஒழுங்குதானே. அவ கரண்டியை வச்சிட்டு, மாறத் தேவையில்லை எண்டா. பியிலையே நிக்கட்டும், ஆனியிலை சோதினை எடுக்கட்டும்.

"நீங்கள்தானே ஆனி எண்டனீங்கள்."

"ஆனி எனக்குச் சரிவராதப்பா" எண்டார் அப்பா.

நான் புட்டைப் பாத்துக்கொண்டிருந்தன். இப்ப அம்மா கேக்கப்போறா எண்டு நினைச்சன். 

"தெரியும்" எண்டா அம்மா. "நான் வேலையிலை பாக்காத முகமே? அந்தப் பள்ளிக்கூட அறைக்குப் போக முதலே தெரியும்."

அப்பா தள்ளிவிட்ட கோப்பையைத் திரும்ப இழுத்து வச்சார். பேந்து கேட்டார், "அப்ப ஏன் ஆறுதலாப் படிக்கட்டும் எண்டனீ?"

"மூண்டு வருசப் படிப்பெண்டா, அவன் முடிக்குமட்டும் நீங்கள் எப்பிடியும் இழுத்துப் பிடிப்பியள் எண்டு நினைச்சன்."

அதுக்குப் பிறகு ரண்டு பேரும் சண்டை பிடிச்சினம். அழுவினம் எண்டு பாத்தா, கணிதத்துக்குத்தான் சண்டை. அம்மா பி எண்டா, அவர் சி எண்டார். அவனுக்கு மைனஸ் மூண்டடி எண்டார். அவனை இப்ப இறக்கினா நீங்கள் கையை விட்டிட்டியள் எண்டுதானே அர்த்தம் எண்டா அம்மா. நோயின்ரை பேரை ஒருத்தரும் சொல்லேல்லை. படிக்கப்போறது நான், ஆனா என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.  கடைசியிலை அப்பா களைச்சுப்போனார். களைச்சதாலை அம்மா விட்டுக்குடுத்தா.

தையிலை சின்னவனிட்டைப் போனன். நூற்றுவீதம், வட்டி, நேர்கோடு. எனக்கே விளங்கிச்சுது, அதுதான் வயித்தெரிச்சல். கொம்யூன், அதாவது நகரசபை, அப்பாவுக்கு அனுப்பின ஆசுப்பத்திரிக் கட்டிலைச் சாப்பாட்டு மேசை நிண்ட இடத்திலை போட்டிருந்தம். நான் வந்து ஜாக்கெட் கழட்டமுந்தி அப்பா கேப்பார். பக்கத்திலை இருந்து எல்லாம் சொல்லுவன், கொஞ்சம் கூட்டியும் சொல்லுவன். கண்ணை மூடிக்கொண்டு கேப்பார். இடையிலை நிப்பாட்டினா ம் எண்டுவார், மேலை சொல்லு எண்டமாதிரி. மாசி முடியமுந்தி அந்த ம்மும் இல்லை. ஒரு விடியக்காலமை அப்பா போயிட்டார். வந்த தாதியை அம்மா இருக்கச் சொல்லிக் கோப்பி குடுத்திட்டு, தானே அவரைத் துடைச்சு, சேட்டுப் போட்டு, தலை சீவிவிட்டா. வேலையிலை செய்யிறமாதிரியே.

ஆனியிலை எனக்கு சி வாய்ச்சோதினை. அம்மா லீவு போட்டிட்டு வந்து பள்ளிக்கூடத்துக்கு வெளியாலை காருக்குள்ளை இருந்தா. ஏழு எடுத்தன். பன்ரண்டுதான் உச்சம், என்ரை சரித்திரத்துக்கு ஏழு பெரிய விசயம். அம்மா ஒருநாளும் என்ரை புள்ளி கேட்டதில்லை, அது அப்பாவின்ரை டிப்பார்ட்மென்ட். நான் கதவைத் திறந்து ஏறினன்.

"எவ்வளவு?" எண்டா.

"ஏழு."

அவ சீற் பெல்ட்டை இழுத்துப் போட்டா. முன்னாலை பாத்துக்கொண்டு, அப்பாவின்ரை குரலைக் கடன் வாங்கினமாதிரி, "பன்ரண்டு ஏன் வரேல்லை?" எண்டா.

பகிடி ஒண்டு வரும் எண்டு பாத்தன். வரேல்லை. அடுத்தமுறை பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு காரை எடுத்தன்.