கவிழ்த்துப் பார்த்த கார்

என் மேசையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்குப் பக்கத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கார் நிற்கிறது. சிவப்பு உடம்பு. மூடியில்லாமல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வெள்ளி என்ஜின். முன்னால் ஒல்லிச் சக்கரம், பின்னால் பருத்த சக்கரம். வண்டியின் பெயர் மாற்ற வருகிறவர்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. எனக்குக் கவிழ்த்துப் பார்க்காவிட்டால் வேலை ஓடாது.

நான் எட்டாவதோடு நின்றவன். திண்டுக்கல்லில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஆபீசில்தான் பிழைப்பு. சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுப்பேன். என்ஜின் நம்பரையும் அப்படியே எடுத்து, ஆர்.சி. புக்கோடு ஒத்துப்பார்ப்பேன். ஒருமுறை, வேறு வண்டியின் என்ஜினை மாட்டிய பைக் ஒன்று எங்கள் கைக்கு வந்து, முதலாளியும் நானும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு மனிதர்களைக்கூட நான் மேலாகப் பார்ப்பதில்லை. அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

முதல் கல்யாணம் முறிந்து என் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த தங்கைக்கு, ஆயக்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. மில்லில் ஃபிட்டர், மனைவியை இழந்தவர். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அண்ணன் சரி என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. மாப்பிள்ளை வீடு பார்க்க என் மொபெட்டிலேயே போனேன். கேஸ் எதுவும் இல்லை என்று நான் நம்பிய ஒரே வண்டி அதுதான்.

அங்கே கண்ணாடி அலமாரி நிறைய இந்தக் கார்கள். பெட்டியில் துண்டு துண்டாக வருவதை ஒட்டிச் செய்கிற மாடல்களாம். பெட்டியின் மேல் ஒரு கார் படம் போட்டிருக்கிறது. அலமாரியில் நிற்பதோ வேறு எதுவோ. நான் ஒன்றைக் காட்டி, என்ன மாடல் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“ஏனுங்ணா, இதுக்கு மாடல்னு சொல்ல முடியாதுங்க. முன்பக்கம் ஒரு பெட்டியில வந்ததுங்க. என்ஜின் இன்னொரு காரோடது. பின் சக்கரம் லாரிப் பெட்டியில வந்ததுங்க. வெட்டி, ராவி, ஒட்டுனனுங்க. ஹாட் ராட்னு சொல்லுவாங்க.”

“ஆர்.சி. புக்கு எந்தப் பேர்ல இருக்கு?” பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றைச் செய்ய மூன்றைப் பிரித்தால் மீதி எங்கே போனது? கேட்டேன். “அடுத்த வண்டிக்கு ஆகுமுங்க” என்றார். எங்கள் தொழிலில் திருட்டு வண்டியைப் பிரித்து விற்கிறவனும் இதையேதான் சொல்லுவான். முதல் மனைவியின் போட்டோ சுவரில் மாலையோடு இருந்தது. அந்தப் பழைய வாழ்க்கையிலிருந்து எதைக் கழற்றி என் தங்கையிடம் மாட்டப் போகிறார் என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டி வந்தேன்.

பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். ஆயக்குடியில் கொய்யாப் பழம் வாங்குகிற சாக்கில் கடைக்காரரிடம் விசாரித்தேன். குடி இல்லை, கடன் இல்லை, நல்ல மனுசன் என்றார். குறையே சொல்லாத விசாரணை எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

ஒரு மத்தியானம் மாப்பிள்ளையே என் ஆபீசுக்கு வந்தார். துண்டில் சுற்றியிருந்த இந்தச் சிவப்புக் காரை மேசையில் வைத்தார். “உங்களுக்கு நம்பர் இல்லாததுதானுங்ளே சங்கடம்? ஊசியைக் காய்ச்சி அடிச்சிருக்கனுங்க. என்ஜின்லயும் சேஸிஸ்லயும் ஒரே நம்பர். உரசிப் பாருங்க.”

சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலை ஓட்டினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பின. என் மொபெட்டின் சேஸிஸ் நம்பரில் வரும் கடைசி இலக்கங்கள். ஒரு நம்பர் இரண்டு வண்டியில் இருந்தால் அதைவிடப் பெரிய திருட்டு எங்கள் தொழிலில் கிடையாது.

“இது என் வண்டி நம்பருய்யா! உமக்கு எப்பிடிக் கெடைச்சுச்சு?”

“அன்னிக்கு நீங்க உள்ள காப்பி குடிக்கையில வாசல்ல குனிஞ்சு பாத்தனுங்ணா. உங்களுக்கு நம்பிக்கையான நம்பரா இருக்கட்டுமேன்னுதானுங்க.”

நான் அவர் அலமாரியைத் துருவிய அன்றே, அவர் என் வண்டிக்கு அடியில் துருவியிருக்கிறார்! வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் கொதித்தேன். “இந்தா பாரு, என் நம்பரையே அடிச்சுட்டான். நாளைக்கு என்னென்ன அடிப்பானோ?” வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, மொதல்ல ஒருத்தன நீதான பாத்து வச்ச? சாதகம், சாதிசனம் எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒத்துப்போச்சு. அவன் எதையாச்சும் உண்மையாச் சொன்னானா? இவரு நீ கேட்டதும் எது எங்க இருந்து வந்துச்சுன்னு ஒண்ணு விடாமச் சொல்லியிருக்காரு. மறைக்கிறவன் அப்பிடிச் சொல்லுவானா? இம்புட்டு வருசமா வண்டி பாக்குறியே!”

தொழிலையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள். திருட்டு வண்டி கொண்டுவருகிற எவனும் என்ஜின் வேறு என்று தானாகச் சொன்னதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குச் சரி என்றேன். தாலி ஏறும்போதும் நான் மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இருவரும் திண்டுக்கல் வந்தால் மாப்பிள்ளை நேராக என் மேசைக்குத்தான் வருவார். “ஏனுங் மச்சான், இன்னும் எம்மேல கேஸ் முடியலீங்களா?” என்பார். நான் தங்கையின் முகத்தைத்தான் பார்ப்பேன். சதை போட்டிருக்கிறாள். சிரிக்கிறாள். அது சும்மா காட்டுகிற சிரிப்போ என்று அதையும் ஒருமுறை உரசிப் பார்க்கத் தோன்றுகிறது.

போன மாதம் மொபெட் ஓடாமல் நின்றுவிட்டது. பழைய இரும்புக் கடையில் போட்டேன். கடைக்காரர் சேஸிஸை என் கண் முன்னாலேயே இரண்டாக வெட்டினார். ஆபீசுக்குத் திரும்பியதும் காரைக் கவிழ்த்துத் தாளை வைத்து உரசினேன். எழுத்து ஒன்றும் அழியவில்லை. அந்த நம்பருக்கு இனி இது ஒன்றுதான் வண்டி. நிமிர்த்தி, கைக்குட்டையால் துடைத்து, ஸ்டாம்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.